உஷார்! கேமரன் மலை ரிங்லெட்டில் வில் வாங்கப் போகிறீர்களா?

கைப்பேசியில் நாலு தட்டு தட்டினால் போதும், வில்லும் அம்பும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. பொட்டலத்தைப் பிரித்த கையோடு பையன் என்ன செய்வான்? நாணை மாட்டி, அம்பு வைக்காமல் சும்மா ஒருமுறை இழுத்து விட்டுப் பார்ப்பான். கூடவே கூடாது! அம்போடு வெளியே போகவேண்டிய விசை, அம்பு இல்லாவிட்டால் வில்லுக்குள்ளேயே திரும்பிப் பாயும். தண்டு பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். உருளை வைத்த காம்பவுண்ட் வில்லாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

எடுத்த எடுப்பிலேயே 40 பவுண்டு இழுவிசை வில் கேட்கும் அண்ணன்மாரே, தோள் உங்களுடையதுதானே? புதிதாக, முனை வளைந்த ரிகர்வ் வில் பிடிக்கும் பெரியவர்களுக்கு 20 பவுண்டு சுற்றுவட்டாரம் போதும், சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஒலிம்பிக்கில் மலேசிய வீரர் கைருல் அனுவார் முகமட் எய்தது 70 மீட்டரிலிருந்து. நீங்கள் 5 மீட்டரில் ஆரம்பியுங்கள், வெட்கமே இல்லை.

இனி நம் ஊர் சங்கதி. இதற்குத்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ரிங்லெட்டில் சமதளம் எங்கே இருக்கிறது? தேயிலைச் சரிவைப் பார்த்து எய்தால், செடி மறைவில் குனிந்து கொழுந்து வெட்டுகிறவரின் தலை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பள்ளத்தைப் பார்த்து எய்தால் கீழே காய்கறித் தோட்டம். பிளாஸ்டிக் கூரை அம்பைத் தடுக்காது, உள்ளே ஆள் வேலை செய்துகொண்டிருப்பார். காட்டோரம் ஆளில்லா இடம் என்று யார் சொன்னது? செமாய் பூர்வகுடி மக்கள் நடமாடும் வழி அது. சாதாரணப் பயிற்சி வில்லின் அம்பே, அண்ணாந்து விட்டால், 100 மீட்டரைத் தாண்டிப் போய் விழும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் அது எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. காய்கறி அட்டைப்பெட்டியை இலக்காக வைப்பது வீண் வேலை, அம்பு அதை ஊடுருவிப் போய்விடும். இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடோ, வில்வித்தைக்கென்றே செய்த தடுப்பு வலையோ இல்லாத இடத்தில் வில்லைத் தொடாதீர்கள்.

அம்பிலும் வினை உண்டு. குட்டையான அம்பு, முழுதாக இழுக்கும்போது வில்லைத் தாண்டிப் பின்னால் வந்து, விடும்போது பிடித்த கையிலேயே இறங்கலாம். கார்பன் அம்பில் கீறல் விழுந்திருந்தால் பாயும்போதே சிதறி, சிம்புகள் கையில் ஏறும். ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் காதருகில் வைத்து லேசாக வளைத்துப் பாருங்கள். நெறுநெறு என்றால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். இலக்கிலிருந்து ஒருவர் அம்பைப் பிடுங்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் நிற்காதீர்கள், வால்முனை கண்ணைக் குத்தும்.

காட்டுப்பன்றியைக் குறி வைக்கலாமே என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி, காட்டுப்பன்றி போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமில்லாமல் வேட்டையாடுவது குற்றம்.

முதலில் பயிற்றுநரும் முறையான திடலும் உள்ள இடத்தைத் தேடிப் பிடியுங்கள், வில் அப்புறம். அங்கே விசில்தான் சட்டம். இரண்டு ஊதினால் கோட்டுக்கு வரலாம், ஒன்று ஊதினால் எய்யலாம், மூன்று ஊதினால் அம்பெடுக்கப் போகலாம். அதற்கு மேல் விடாமல் ஊதினால், நாணில் அம்பு இருந்தாலும் எய்யாமல் இறக்கிவிட்டுக் கோட்டைவிட்டு விலகவேண்டும்.