பின்னணி நீக்கத்திற்கு ஏற்ற படம் எது?

ஆண்டு மலரின் பக்கங்களைப் புரட்டுங்கால், பரிசுக் கோப்பை ஏந்திய மாணவரின் உருவம் மட்டும் தாளில் தனித்து நிற்பதைக் காண்கிறீர்கள். அவருக்குப் பின்னே இருந்த கூடாரமும் நாற்காலிகளும் எங்கே போயின? உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விலக்குவதே பின்னணி நீக்கம் எனப்படும். முன்னாளில் நிழற்படக் கூடங்களில் கைதேர்ந்த கலைஞர்கள் நெகடிவின் மீது மெல்லிய தூரிகையால் மை பூசி, பொறுமையுடன் இதனைச் செய்தனர். இன்று கணினி சில நொடிகளில் செய்துவிடுகிறது. ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரில் உருவாகி, 2018ஆம் ஆண்டு வெளிவந்த ரிமூவ் பிஜி என்னும் சேவை இதனை யாவர்க்கும் எளிதாக்கிற்று. அதனை நடத்திய நிறுவனத்தைக் கேன்வா 2021இல் வாங்கிக்கொண்டது.

கணினிக்கு மனிதர் இன்னார் என்று தெரியாது. அதன் பார்வையில் படம் என்பது இலட்சக்கணக்கான வண்ணப் புள்ளிகளின் கூட்டமே. மனிதர்கள் ஓரம் வரைந்து கொடுத்த எண்ணற்ற படங்களைக் கொண்டு பயிற்சி பெற்ற அது, ஒவ்வொரு புள்ளியும் உருவமா, பின்னணியா என்று கணிக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒளியிலும் நிறத்திலும் வேறுபாடு தெளிவாயிருப்பின் கணிப்புப் பிழைபடுவது அரிது. வேறுபாடு குன்றினால் தடுமாறுகிறது.

இதனை விளக்க ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். காப்பார் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி வாழ்ந்த மூதாட்டி ஒருவர் காலமானார். பதினாறாம் நாள் மாலையிட்டு வைக்க அவருடைய படத்தைத் தேடியபோது, தனியாக எடுத்த படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இருந்தவை இரண்டே. ஒன்று, உறவினர் திருமணத்தில் எடுத்தது. பட்டுப் புடவைகளும் பூமாலைகளும் நிறைந்த அப்படத்தில், மூதாட்டி வெள்ளைப் புடவையுடன் வெள்ளைச் சுவரை ஒட்டிப் பின்வரிசையில் நின்றார். மற்றொன்று, பல ஆண்டுகளுக்கு முன் லயத்து வாசலில், செம்பருத்தி வேலியின் முன்னே பலகையில் அமர்ந்திருந்தபோது எடுத்தது.

பேரன் திருமணப் படத்தையே தேர்ந்தான். அது புதியது, வண்ணம் மங்காதது என்பது அவன் எண்ணம். ஆனால் நரைத்த தலைமுடியைச் சுவரென்று கருதிய கணினி, நெற்றிக்கு மேலே பாதியை அழித்துவிட்டது. வெள்ளைப் புடவையின் தோளும் கரைந்துபோயிற்று. அருகில் நின்றவர் அவர் தோளில் வைத்திருந்த கை மட்டும், ஆளில்லாத கையாக ஒட்டிக்கொண்டிருந்தது! கணினிக்கு அருகில் நிற்பவரும் உருவமே அன்றோ? மேலும், அப்படம் வாட்ஸ்அப் வழி பலரிடம் கைமாறி வந்தது. அவ்வாறு அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதால் ஓரங்கள் சிதைகின்றன. ஆவணமாக அனுப்பினால் அக்குறை நேராது. மூதாட்டியின் மகள் அதனைப் பார்த்துவிட்டு, “அம்மா முகமே இல்லையே!” என்று கண் கலங்கினார்.

பிறகு செம்பருத்தி வேலிப் படத்தை வருடியின் வழியே கணினியில் ஏற்றினர். கரும்பச்சை இலைகளின் முன்னே வெண்மையான தலைமுடி இழை இழையாய்த் தெரிந்தது. மர நிழலில் அமர்ந்திருந்ததால் முகத்தில் வெயிலின் திட்டுகள் இல்லை. அவரை மறைத்து எவரும் நிற்கவுமில்லை. கணினி ஒரே முறையில் பிழையின்றிப் பிரித்துத் தந்தது.

நம் சீருடைக்கும் இதே நெறி பொருந்தும். வெள்ளைச் சட்டையுடன் வெள்ளைச் சுவரின் முன்னே நிற்றல் ஆகாது. கருநீல ஆடை அணிந்த மாணவியர் கருநீலத் திரையின் முன் நிற்றலும் ஆகாது. நம் நாட்டுக் கடப்பிதழுக்குரிய படத்தில் பின்னணி வெள்ளையாகவும் ஆடை கருமையாகவும் இருத்தல் வேண்டும் என்று விதித்திருப்பதை நினைவிற் கொள்ளுங்கள். எண்ணெய் தடவிப் பின்னிய கூந்தல் எளிதில் பிரியும். காற்றில் பறக்கும் முடியோ கணினிக்குத் தலைவலி. அங்கே ஒரே புள்ளியில் முடியும் சுவரும் கலந்திருக்கும். கோப்பையின் கைப்பிடிக்குள்ளும், இடுப்பில் கை வைத்து நிற்பவரின் முழங்கை வளைவுக்குள்ளும் பின்னணி ஒளிந்து தங்கிவிடுவதுண்டு. மூக்குக் கண்ணாடியையும் ஒருமுறை உற்று நோக்குக.

படத்தின் அளவையும் கவனித்தல் வேண்டும். அச்சில் 4 அங்குல அகலம் வேண்டுமாயின், அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் 1,200 புள்ளிகள் தேவை. நீக்கிய படத்தைப் பிஎன்ஜி வடிவில் சேமிப்பதே முறை. ஜேபெக் வடிவம் வெறுமையைத் தாங்காது. அந்த இடத்தில் பெரும்பாலும் வெள்ளை நிறம் வந்து அமர்ந்துகொள்ளும்.

இன்று மூதாட்டியின் உருவம் வீட்டுக் கூடத்தில், வெளிர்நீலப் பின்னணியில், மாலையுடன் விளங்குகிறது. அந்த லயம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் தொழிற்சாலை எழுந்துவிட்டது. ஆகையால் வெட்டாத மூலப் படத்தை மகள் ஆல்பத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். செம்பருத்தி வேலிக்கு அப்பால் லயத்துப் பொதுக்குழாயும், அதன் கீழே நிரம்பிக்கொண்டிருக்கும் ஒரு பித்தளைக் குடமும் அதில் தெரிகின்றன.