ஈரத்தில் காயும் பூச்சு

ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க யாரும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அடைமழையில் அடித்த பெயின்ட் ஒரு வாரமானாலும் விரலில் பிசுபிசுக்கும். சாத்திய ஜன்னல் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். "வெயில் வரட்டும் சார்" என்பார் பெயின்டர். ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில், வாஜிமா என்ற கடலோர ஊரில், இதற்கு நேர்மாறான தொழில் ஒன்று நடக்கிறது. பூச்சு அடித்த மரக் கிண்ணம் காய வேண்டும் என்றால், மர அலமாரி ஒன்றின் உட்புறத்தைத் தண்ணீரால் நனைத்து, கிண்ணத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்த அலமாரிக்கு ஃபுரோ என்று பெயர். குளியல் தொட்டிக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான்.

அந்தப் பூச்சை ஜப்பானியர் உருஷி என்கிறார்கள். உலகம் லாக்கர் என்கிறது. லாக்கர் என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. அதன் வேர் 'லாக்ஷா' என்ற வடசொல். அதாவது நம் அரக்கு. பார்சலுக்கு முத்திரை வைக்கவும், உள்ளீடற்ற நகைக்குள் நிரப்பவும், கடைசல் பொம்மைக்கு நிறம் ஏற்றவும் பயன்படும் அரக்கு, ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரந்து வைப்பது. சூடு காட்டினால் இளகும், சாராயத்தில் கரையும். உருஷிக்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை. அது மரத்தின் பால். ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டுக்கும் இளகாது, சாராயத்துக்கும் கரையாது. ஆசியாவின் பளபளப்பான மரச் சாமான்களை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டிய ஐரோப்பிய வணிகர்கள், பூச்சிப் பிசினின் பெயரையே மரப்பாலுக்கும் சூட்டிவிட்டார்கள்.

மரப்பால் எடுப்பது ரப்பர் பால் வெட்டுவது போலத்தான், ஆனால் முடிவு கொடூரம். உருஷி மரம் பால் தருகிற பருவத்துக்கு வர 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும். ஜூனில் பட்டையில் முதல் கீறல். சில நாள் விட்டு, அதற்கு மேல் சற்றே நீளமாக இன்னொன்று. அக்டோபர் வரை இப்படியே போகும். காயத்தை மூடிக்கொள்ள மரம் விடுகிற பாலைத்தான் துளித்துளியாக வழித்தெடுக்கிறார்கள். ஒரு பருவம் முழுக்கக் கீறினால் மரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 கிராம் கிடைக்கும். பிறகு மரத்தை வெட்டிவிடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பது அடுத்த தலைமுறைக்கு. இவாத்தே மாநிலத்தின் ஜோபோஜிப் பகுதிதான் ஜப்பானின் சொந்த உருஷியில் பெரும்பங்கைத் தருகிறது; ஆனால் நாட்டின் மொத்தத் தேவையில் அது சிறு பகுதிதான். மிச்சம் பெரும்பாலும் சீனத்திலிருந்து வருகிறது.

சரி, ஈரத்தில் எப்படிக் காய்கிறது? உண்மையில் அது காய்வதே இல்லை. சுவரில் அடிக்கும் டிஸ்டெம்பர் காய்கிறது என்றால் அதிலுள்ள நீர் ஆவியாகப் போகிறது என்று பொருள். உருஷியில் நடப்பது வேதிவினை. பாலின் பெரும்பகுதி உருஷியால் என்ற எண்ணெய்ப் பசையான பொருள். அதனுடன் மிகச் சிறிதளவில் ஒரு நொதி இருக்கிறது. 1883-இல் ஹிகோரோகுரோ யோஷிடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் இதைக் கண்டு எழுதினார். பின்னாளில் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் பெர்த்ரான் அதற்கு லாக்கேஸ் என்று பெயர் வைத்தார். செம்பு அணுக்களைத் தாங்கிய இந்த நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு உருஷியால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னி வலையாக்குகிறது. அதற்கு ஈரப்பதம் வேண்டும். காற்றில் 70 முதல் 80 சதவீத ஈரமும், 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் இருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். ஈரம் குறைந்தால் நொதி படுத்துவிடும். பூச்சு நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். சென்னையின் டிசம்பர் காற்று இந்தத் தொழிலுக்கு வரப்பிரசாதம் என்று சொல்லலாம்.

உருஷியால் கையில் பட்டால் தோல் தடித்து, கொப்பளித்து, வாரக்கணக்கில் அரிக்கும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களில் பலர் முதலில் வாங்கும் சம்பளம் இதுதான். நமக்கும் இது புதிதல்ல. மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் பட்டு உதட்டோரம் வெந்துபோகாத பிள்ளை உண்டா? மா, முந்திரி, சேராங்கொட்டை, உருஷி நான்கும் ஒரே தாவரக் குடும்பம். அவற்றின் காரமான பால்களும் வேதியியலில் நெருங்கிய உறவு. சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் துணியில் போட்ட குறி எத்தனை வெளுத்தாலும் போகாததும், வாஜிமாக் கிண்ணத்தின் கருமை போகாததும் ஏறக்குறைய ஒரே காரணத்தால்தான். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து மலிவான மாற்றுப் பூச்சு ஒன்றையும் ஜப்பானியர் உருவாக்கினார்கள். 'காஷ்யூ' என்றே அது விற்பனையாகிறது.

வாஜிமாவில் ஒரு கிண்ணம் நூற்றுக்கு மேற்பட்ட படிகளைத் தாண்டி வருகிறது. கடைந்த மரத்தின் விளிம்பு, அடிப்பகுதி போன்ற பலவீனமான இடங்களில் உருஷியும் சோற்றுப் பசையும் கலந்து துணி ஒட்டுவார்கள். பிறகு, அந்த ஊர் மண்ணில் கிடைக்கும் டயட்டம் என்ற நுண்பாசிகளின் புதைபடிவத் தூளைச் சுட்டுப் பொடித்து, உருஷியில் குழைத்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்ப்பார்கள். இறுதிப் பூச்சுக்கு வரும் தூரிகை மனிதத் தலைமுடியால் ஆனது. முடி நுனியில் மட்டும் இல்லை. பென்சிலுக்குள் கரி இருப்பது போல மரப்பிடிக்குள் நீளமாக ஓடுகிறது. தேய்ந்தால் மரத்தைச் சீவிப் புதுமுடியை வெளியே எடுத்துக்கொள்ளலாம். பூசி முடித்த கிண்ணத்தையும் சும்மா வைக்க முடியாது. வழிந்து ஓரிடத்தில் திரளாமலிருக்க, அலமாரிக்குள் அடிக்கடி திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தூசி ஒன்று விழுந்தாலும் தெரியும். அதனால் மேற்பூச்சு அறையில் ஆள் நடமாட்டமே குறைவு.

நிறம் பற்றி ஒரு விஷயம். உருஷி இயல்பாகத் தேன் பழுப்பு. கறுப்பு வேண்டுமானால் இரும்பைச் சேர்ப்பார்கள். இரும்பு உருஷியாலுடன் வினைபுரிந்து பூச்சையே கறுப்பாக்கிவிடும். கறுப்புச் சாயம் மேலே மிதக்கவில்லை, பூச்சே கறுப்பு. அந்த ஆழம் எந்த ஸ்பிரே பெயின்டிலும் வராது. சிவப்புக்குச் சாதிலிங்கம். தூய வெள்ளை மட்டும் இதில் கிடைக்கவே கிடைக்காது.

நாரா நகரத்துக் கோஃபுகுஜி கோயிலில் ஆறு கைகளும் மூன்று முகங்களும் கொண்ட அசுரர் சிலை ஒன்று உண்டு. நம் அசுரர்தான், பௌத்தத்தோடு அங்கே போனவர். 734-இல் செய்தது. களிமண் உருவத்தின் மேல் சணல் துணியை உருஷி கொண்டு அடுக்கி ஒட்டி, இறுகியதும் உள்ளிருந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான சிலை, உள்ளே வெற்றிடம். கோயில் பலமுறை தீப்பிடித்தும் இவர் பிழைத்தார். தூக்கிக்கொண்டு ஓடும் எடை என்பதும் அதற்கு உதவியிருக்கும்.

உருஷி தண்ணீரையும் தாங்கும். 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்குப் போன ஜப்பானியப் பொருட்களை ஏற்றித் திரும்பிய நீல் என்ற பிரெஞ்சுக் கப்பல், 1874-இல் இசு தீபகற்பத்துக்கு அருகே மூழ்கியது. பல மாதங்கள் கழித்து உப்பு நீரிலிருந்து எடுத்த உருஷிப் பாத்திரங்கள் சில, பெரிய சேதமில்லாமல் வந்தன. வெயிலைத்தான் தாங்காது. புற ஊதாக் கதிர் பட்டால் பளபளப்பு மங்கி, வெளுத்துப்போகும்.

நம் கடற்கரைக்கும் இந்தக் கதையில் ஒரு சின்ன இடம் உண்டு, கொஞ்சம் வேடிக்கையானது. கறுப்புப் பூச்சைச் செதுக்கிப் பல வண்ணம் நிரப்பிய சீன மடக்குத் திரைகள் 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போயின. கிழக்கிந்தியக் கம்பெனிகள் அவற்றைச் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாக அனுப்பின. வாங்கியவர்கள் இது அந்தக் கரையின் சரக்கு என்றே நினைத்து, 'கோரமண்டல் திரை' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் ஏல நிறுவனங்களில் அதே பெயர்தான். இங்கே ஒரு திரைகூடச் செய்யப்படவில்லை.

ஐரோப்பாவுக்குப் போன பெட்டிகளும் திரைகளும் வேறொரு சிக்கலைச் சந்தித்தன. குளிர்காலத்தில் கணப்பு எரியும் அறைகளின் காற்று மிகவும் உலர்ந்திருந்தது. உள்ளே மரம் சுருங்க, மேலே பூச்சு வெடித்தது. அதனால் உருஷிப் பொருள் சேகரிப்பவர்கள் கண்ணாடி அலமாரியின் மூலையில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து, ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைக்கப் பழகினார்கள். அது வற்றும்போதெல்லாம் மறக்காமல் ஊற்ற வேண்டும்.