ஆபரேஷன் முடிஞ்சாச்சு, இனிமேதான் நம்ம வேலை இருக்கு!



நம் கூட்டமைப்பில் ஒரு அக்காவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. முப்பது வருஷம் நாற்று நட்ட கால். மூட்டு தேய்ந்து, ராத்திரி தூக்கமே இல்லாமல் கஷ்டப்பட்டவர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்ததும் நாங்கள் ஐந்தாறு பேர் பழம், ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். "அசையாதீங்கக்கா, முட்டிக்கு அடியில தலையணை வச்சுப் படுத்தே இருங்க" என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னோம். "மாத்திரை ரொம்பப் போடாதீங்க, கிட்னி போயிடும்" என்றும் ஒருத்தர் சொன்னார். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான்.

அக்காவும் அப்படியே செய்தார். ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கால் பாதிகூட மடங்கவில்லை. "ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்லம்மா. நீங்கதான் காலை மடக்கவே இல்லை" என்றார் டாக்டரம்மா. பிறகு மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிட வேண்டியதாகிவிட்டது. அக்கா மறுபடியும் முதலிலிருந்து வலியை அனுபவித்தார். நாங்கள் சொன்ன புத்தியும் அதற்கு ஒரு காரணம் என்பதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. அதற்குப் பிறகு டாக்டரம்மாவிடமும் பிசியோதெரபி சொல்லித் தருபவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

வலி எத்தனை நாள் இருக்கும்?

இந்த ஆபரேஷனில் தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி எடுத்துவிட்டு, உலோகமும் உறுதியான பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டைப் பொருத்துகிறார்கள். தோல், சதை, எலும்பு எல்லாம் ஆற வேண்டும். அதனால் வலி வரத்தான் செய்யும். முதல் இரண்டு வாரம் வலி அதிகமாக இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வீக்கமும் சூடும் மூன்று மாதம், ஆறு மாதம்கூட இருக்கலாம். முழுமையாகத் தேற ஒரு வருஷம் வரை ஆகலாம்.

ராத்திரியில் வலி கூடுதலாகத் தெரியும். தூக்கம் கெடும். "ஏன்தான் இதைப் பண்ணிக்கிட்டோமோ" என்று அழுகைகூட வரும். பலருக்கும் இப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடாமல் போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

வலி மாத்திரை எதற்காக?

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது நம் பெண்களின் பழக்கம். பிரசவ வலியையே தாங்கினோம், இது என்ன என்போம். ஆனால் வலியோடு காலை மடக்க முடியாது. மடக்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகி மூட்டு பிடித்துக்கொள்ளும். ஆகவே நடக்கவும் பயிற்சி செய்யவும்தான் மாத்திரை. வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல், டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பயிற்சிக்கு அரைமணி, முக்கால் மணி முன்னால் மாத்திரை வேலை செய்கிற மாதிரி நேரத்தை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது.

கிட்னி பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. நாமாகக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரைகளும் அடிக்கடி போட்டுக்கொள்ளும் வலி ஊசியும் வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும். அதனால் சர்க்கரை, பிரஷர், கிட்னிக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். அவர் எழுதித் தந்ததோடு பாராசிட்டமால் மாத்திரையையும் தனியாகச் சேர்க்காதீர்கள். பல வலி மாத்திரைகளில் அந்த மருந்து ஏற்கெனவே கலந்திருக்கும். அளவு கூடினால் ஈரல் கெடும்.

சில மாத்திரைகளால் மலச்சிக்கல், தலைசுற்றல், குமட்டல் வரலாம். நிறையத் தண்ணீர், கீரை, பழம் சேருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தை மட்டும் ஒருநாளும் நாமாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. படுத்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் பத்து, இருபது தடவை ஆட்டுங்கள். கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க இது உதவும்.

2. முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். கால் வளைந்தே நின்றுவிடும். குதிகாலுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்தால் கால் நேராகும்.

3. பிசியோதெரபியில் சொல்லித் தந்த பயிற்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு மூன்று நான்கு வேளை செய்யுங்கள். பயிற்சியின்போது இழுக்கும், வலிக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கினால் சரி. மறுநாளும் வீக்கமும் வலியும் கூடியிருந்தால் அளவைக் குறைத்து, பிசியோதெரபி சொல்லித் தருபவரிடம் கேளுங்கள்.

4. பயிற்சி முடிந்ததும் ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. தையல் இடத்தில் எண்ணெய், பச்சிலை, மஞ்சள் பற்று எதுவும் வேண்டாம். உருவிவிடவும் கூடாது.

5. நடக்கும்போது முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னே.

6. தரையில் உட்காருவது, குத்துக்காலிடுவது வேண்டாம். கக்கூஸுக்கு நாற்காலி வகை ஏற்பாடு செய்யுங்கள். வழியில் கிடக்கும் பாய், சாக்கு, ஒயரை எடுத்துவிடுங்கள். ராத்திரி விளக்கு எரியட்டும்.

7. பத்தியம் என்று வெறும் கஞ்சி, ரசம் கொடுக்காதீர்கள். புண் ஆற முட்டை, பருப்பு, பயறு, பால், மீன் வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தால்தான் புண் ஆறும்.

இது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு உரிய முறை. இடுப்பு மூட்டு ஆபரேஷன், எலும்பு முறிவுக்குத் தகடு வைத்தவர்களுக்கு எப்போது கால் ஊன்றலாம், எப்படி உட்காரலாம் என்பது வேறுபடும். உங்கள் டாக்டர் சொல்வதே உங்களுக்குச் சட்டம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காய்ச்சலும் குளிரும் வந்தால், தையலில் சீழோ நீரோ கசிந்தால், சிவப்பு பரவினால், திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போனால், காத்திருக்க வேண்டாம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த நிமிஷமே 108-க்குப் போன் செய்யுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை. அரைமணி நேரம் கூட இருந்து பயிற்சி செய்ய வையுங்கள், வாசல் வரை நடத்திக் கூட்டிப் போங்கள். முறை போட்டுக்கொண்டு ஒரு வேளை சமையல், தண்ணீர் எடுப்பது, மாட்டுக்குத் தீவனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலை அப்படியே கிடந்தால் எந்தப் பெண்ணும் படுக்கையில் நிம்மதியாக இருக்க மாட்டாள். அவசரப்பட்டு எழுந்து விழுந்துவிடுவாள். கடன் தவணைக்குக் கூடுதல் அவகாசம் தர வேண்டுமானால் கூட்டத்தில் பேசித் தீர்மானம் எழுதுங்கள். அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன்பே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பார்த்து, அரசு ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போல சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர்கள்தான்.

நம் அக்கா இப்போது மாதக் கூட்டத்துக்கு நடந்தே வருகிறார். எல்லோரும் பாயில் உட்கார, அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி. "தலைவி மாதிரி உக்காந்திருக்கேன்" என்று சிரிக்கிறார். அடுத்து யாருக்கு ஆபரேஷன் என்றாலும் முதலில் போய்ப் பயிற்சி செய்ய வைக்கப் போவது அவர்தானாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதை எல்லோரும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள்.