இரண்டு லிட்டர் இடத்தில் இரண்டரை லிட்டர்

ஃபோர்டு ஃப்யூஷன் அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு நின்ற குடும்பக் கார். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் வேலைக்குப் போய் வரவும் வாங்கியது. 2010 முதல் வந்த ஃப்யூஷன்களில் பலவற்றுக்கு 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின். பின்பக்கம் நசுங்கிக் காயலான் கடைக்கு வந்து சேரும் கார்களில் அந்த எஞ்சின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்; சில நூறு டாலருக்குக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். அப்படி வாங்கிப் போகிறவர்களில் ஒரு சாராரிடம் ஃப்யூஷனே கிடையாது. அவர்களிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5.

இரண்டே இருக்கை, திறந்த கூரை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை. 1989இல் ஷிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டியைத் தொட்ட கார் எம்எக்ஸ்-5. இங்கே நான் பேசுவது 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை பற்றி. எடை சுமார் 1,100 கிலோ. வளைவில் அதன் ஒழுக்கத்தைக் குறை சொல்பவர் யாருமில்லை. ஆனால் மேட்டில், குறைந்த சுழற்சியில், அதன் 2 லிட்டர் எஞ்சினுக்குப் பிக்கப் போதவில்லை என்ற ஏக்கம் ஓட்டியவர் பலருக்கும் உண்டு. பணம் குறைவாக உள்ளவர் அந்த ஏக்கத்தை எப்படித் தீர்ப்பது? இந்தக் கேள்விக்கான பதிலில் எஞ்சின் என்ற பொருளின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

இன்னொரு காரின் எஞ்சினை எடுத்து வைப்பது புது யோசனை அல்ல. இங்கிலாந்தின் ஏசி ஏஸ் காருக்கு பிரிஸ்டல் எஞ்சின் கிடைக்காமல் போன சமயத்தில், கேரோல் ஷெல்பி என்ற அமெரிக்கப் பந்தய வீரர் அதில் ஃபோர்டின் வி8 எஞ்சினைப் பொருத்தினார். 1962இல் கோப்ரா பிறந்தது. நம் கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் 1988இல் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி பந்தயக் காருக்கு மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் உயிர். எந்த ஊர்க் கடையிலும் உதிரிப் பாகம் கிடைக்கும் எஞ்சின் அது. நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் பந்தயத்தில் கால் வைத்ததே அந்த வண்டியில்தான். கரிவரதனின் அந்தத் தேர்வை நான் பெரிதாக மதிக்கிறேன். பணமில்லாத இடத்தில் பந்தயம் நடக்க வேண்டுமானால் எதை மாற்றுவது என்பதைவிட எதை மாற்றாமல் விடுவது என்று யோசிக்க வேண்டும். அதை அவர் செய்து காட்டினார்.

எம்எக்ஸ்-5க்கும் அதே கேள்விதான். அதில் செவ்ரலேயின் வி8 வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஹோண்டாவின் கே24 வைத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் அருமையான எஞ்சின்கள். ஆனால் அவை வேறு வம்சம். கியர்பாக்ஸோடு சேரும் முகத்தில் போல்ட் துளைகள் ஒத்துவராது. நடுவே தனித் தகடு வேண்டும். மவுண்டிங், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப், சைலன்சர் குழாய், வயரிங், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கென்றே சொன்னது போல் இருக்கும். எஞ்சின் விலையைப் பார்த்து இறங்கியவர்கள் பாதியில் நிறுத்தி, எஞ்சின் இல்லாத காரைத் தார்ப்பாயால் மூடிவைப்பது இந்தச் சுமைகூலியால்தான்.

ஃப்யூஷன் எஞ்சினோ எம்எக்ஸ்-5 எஞ்சினுக்கு உடன்பிறந்தது. ஃபோர்டும் மாஸ்டாவும் நெருங்கிய பங்குதாரர்களாக இருந்த காலத்தில் மாஸ்டா வடிவமைத்த ஒரே எஞ்சின் குடும்பத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஃபோர்டு அதற்கு டியூரடெக் என்று பெயர் வைத்தது. மாஸ்டா எம்இசட்ஆர் என்றது. அந்தக் குடும்பத்தின் 2 லிட்டர் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 87.5 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 83.1 மி.மீ. இரண்டரை லிட்டரில் விட்டம் 89, தூரம் 100. விட்டத்தில் ஒன்றரை மி.மீ. மட்டுமே கூடுதல். மற்றதெல்லாம் கிராங்க் ஷாஃப்டின் வீச்சில் ஒளிந்திருக்கிறது. கியர்பாக்ஸ் முகத்தின் துளைகள் அப்படியே ஒத்துப்போகின்றன. பிளாக் இரண்டிலும் அலுமினியமே என்பதால் எடையும் பெரிதாக ஏறுவதில்லை.

எடை ஏறாமல் இருப்பதை லேசாக எண்ணக் கூடாது. கார் திரும்பும்போது தன் நடுப்புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது. அதைத் தடுக்கும் சடத்துவம் தூரத்தின் இருமடியில் ஏறும். நடுவிலிருந்து முக்கால் மீட்டரில் இருக்கும் 20 கிலோ தரும் தடையைப் போல் நான்கு மடங்கை, ஒன்றரை மீட்டரில் இருக்கும் அதே 20 கிலோ தரும். எம்எக்ஸ்-5இன் எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பது இதற்காகத்தான். கனமான எஞ்சினை மூக்கில் ஏற்றினால், எதற்காக அந்தக் காரை விரும்பினோமோ அதுவே போய்விடும்.

சரி, அரை லிட்டர் கூடினால் என்ன கிடைக்கும்? எஞ்சின் என்பது காற்றை விழுங்கும் பாத்திரம். இரண்டரை லிட்டரின் ஒரு சிலிண்டர் 622 கன சென்டிமீட்டர் கொள்ளும். கடல்மட்டத்தில் ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம் அளவில் இருக்கும். ஆக, முழுதாக நிரம்பினாலும் ஒரு சிலிண்டருக்குள் போவது முக்கால் கிராம் காற்று. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். முக்கால் கிராமுக்குக் கிடைப்பது 50 மில்லிகிராம் பெட்ரோல். அதற்குள் இருக்கும் ஆற்றல் தோராயமாக 2,200 ஜூல். ஃப்யூஷனில் அந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 233 நியூட்டன் மீட்டர். அதைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு எரிதலும் கிராங்குக்குத் தருவது சுமார் 730 ஜூல். உள்ளே போனதில் மூன்றில் ஒரு பங்கு! மிச்சம் ரேடியேட்டருக்கும் சைலன்சருக்கும் வெப்பமாகப் போகிறது. அதனால்தான் பழைய ரேடியேட்டரை அடைப்பு நீக்காமல், ஹோஸ்களை மாற்றாமல் பெரிய எஞ்சினைப் பொருத்துவது முதலுக்கே மோசமாக முடியும்.

இப்போது 2 லிட்டரைப் பாருங்கள். அதன் உச்ச முறுக்குவிசை 190 நியூட்டன் மீட்டர். லிட்டருக்கு 95. இரண்டரை லிட்டரில் லிட்டருக்கு 94. வேறு தொழிற்சாலை, வேறு கார், வேறு நோக்கம். ஆனாலும் ஒரு லிட்டர் காற்றுக்கு இரண்டும் தரும் முறுக்கு கிட்டத்தட்ட ஒன்றே. டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்றை உள்ளே தள்ளுவது வளிமண்டலத்தின் அழுத்தம் மட்டுமே. அந்த அழுத்தம் எல்லாக் காருக்கும் பொது. முறுக்கு வேண்டுமானால் கொள்ளளவைக் கூட்டு, அல்லது காற்றை அடைத்துத் திணி. மூன்றாவது வழி அவ்வளவாக இல்லை.

குதிரைத்திறனைப் பார்த்தால் கதை மாறும். எம்எக்ஸ்-5க்கு அமெரிக்காவில் சொல்லப்பட்டது 167 முதல் 170 வரை. ஃப்யூஷனின் எஞ்சினுக்கு 175. முறுக்கு 23 சதவீதம் ஏறியிருக்க, குதிரைத்திறன் ஏறவே இல்லை என்று சொல்லிவிடலாம். முறுக்கைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வருவதே குதிரைத்திறன். வேகமான சுழற்சியில் எஞ்சினைக் கட்டுப்படுத்துவது கொள்ளளவு அல்ல, வால்வுகள் வழியே காற்று எவ்வளவு சீக்கிரம் நுழைய முடியும் என்பதுதான். குடும்பம் ஒன்று, சுவாசக்குழாயும் ஏறத்தாழ ஒன்று. பெரிய நெஞ்சுக்கு அதே மூக்கு. உச்சியில் மூச்சு முட்டும். நடுவிலும் அடியிலும் தாராளம். விளம்பரத் தாளில் குதிரைத்திறனை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மாற்றம் வீண் என்றே தோன்றும். மூன்றாவது கியரில் 3,000 சுழற்சியில் மேடு ஏறுபவருக்குத் தெரியும், அது வீண் இல்லை என்று.

நீண்ட வீச்சுக்கு விலையும் உண்டு. நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் 2 லிட்டர் எஞ்சினின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 19.4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இரண்டரை லிட்டரில் அது 23.3 மீட்டர், அதாவது மணிக்கு 84 கிலோமீட்டர். இதற்கிடையில் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முழுதாக நின்று திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் உச்சியில் பிஸ்டன்மேல் வரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 2,700 மடங்குக்கும் மேல். ஆகவே புதிய எஞ்சினைப் பழையதைப் போல உச்சிக்கு விரட்டாமல், சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் கீழே வைப்பது நல்லது.

இனி வேலை மேசைக்கு வருவோம். ஃப்யூஷன் எஞ்சினின் அடியில், சம்புக்குள், ஒரு சிறு பெட்டி தொங்கும். அதற்குள் இரண்டு எதிரெடை ஷாஃப்டுகள், கிராங்கைப் போல் இருமடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசையில் சுழலும். நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வருவதால் அதிர்வு முழுதும் தீர்ந்துவிடும் என்று நினைப்போம். தீராது. கனெக்டிங் ராடு சாய்வதால் பிஸ்டன் தன் பாதையின் மேல்பாதியை வேகமாகவும் கீழ்ப்பாதியை மெதுவாகவும் கடக்கிறது. மேலே உள்ள உதறலும் கீழே உள்ள உதறலும் சமமாகாமல், சுற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு நடுக்கம் மிஞ்சும். வீச்சு நீள நீள அதுவும் ஏறும். குடும்பக் காரில் அதை அடக்கவே அந்தப் பெட்டி. எம்எக்ஸ்-5இல் அதற்கு இடமில்லை. முன்புற உத்தரத்துக்கு வழிவிடும்படி வடிவமைத்த பழைய சம்பைத்தான் மாட்டியாக வேண்டும். பெட்டியைக் கழற்றி, அதற்கு ஆயில் போகும் துளையையும் மறக்காமல் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் பேரிங்குகளுக்குப் போக வேண்டிய ஆயில் அந்தத் துளை வழியே சம்புக்குள்ளேயே கொட்டிவிடும். கொஞ்சம் நடுக்கம் இருக்கைக்கு வரும். ஸ்போர்ட்ஸ் காரில் அது எனக்குக் குறையாகப் படவில்லை.

அடுத்த இடத்தில்தான் கைதேர்ந்தவர்களும் நிதானிப்பார்கள். பல எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் முனையில் சாவி எனப்படும் சின்ன இரும்புத் துண்டு இருக்கும். டைமிங் செயின் பல்சக்கரம் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். இந்தக் குடும்பத்தில் சாவியே இல்லை. பல்சக்கரமும் முன்புறப் புல்லியும் ஒரே போல்ட்டின் இறுக்கத்தில், வெறும் உராய்வில் நிற்கின்றன. போல்ட்டைத் தளர்த்திய கணத்தில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளுக்கும் கிராங்குக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்தது. மறுபடி அமைக்க, பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு துளையில் நிறுத்து ஊசியைத் திருகி, கிராங்க் அதில் வந்து முட்டும் வரை கையால் சுற்ற வேண்டும். கேம் ஷாஃப்டுகளின் பின்முனைக் காடிகளில் ஒரு தட்டைப் பட்டையைச் செருக வேண்டும். புல்லியை ஒரு 6 மி.மீ. போல்ட்டால் முன்மூடியோடு பிடித்து நிறுத்த வேண்டும். அதன்பின் புதிய மைய போல்ட்டை 100 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, மேலும் கால் சுற்று. பழைய போல்ட்டையே போட்டுச் சில டாலர் மிச்சம் பிடிப்பவர், வால்வும் பிஸ்டனும் மோதும் அபாயத்தை விலைக்கு வாங்குகிறார்.

புல்லி பழைய எஞ்சினுடையதாகவே இருப்பது நல்லது. அதன் பல்வரிசையில் விட்டிருக்கும் இடைவெளியை வைத்துத்தான் காரின் கம்ப்யூட்டர் கிராங்கின் கோணத்தை அறிகிறது. இன்டேக் மேனிஃபோல்டு, சென்சார்கள், வயரிங் எல்லாம் பழையவை. கம்ப்யூட்டரும் பழையதே. அரை லிட்டர் கூடியது அதற்கு எப்படித் தெரியும்? காற்று வரும் வழியில் சூடான கம்பி ஒன்று உண்டு. காற்று அதிகம் போனால் கம்பி அதிகம் குளிரும். அதைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதே காற்றின் எடைக்கு அளவு. எஞ்சின் எவ்வளவு பெரிது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. வந்த காற்றை எடைபோட்டு, அதற்குத் தக்கபடி பெட்ரோலை அளந்து விடுகிறது. அதனால் புதிய எஞ்சின் முதல் நாளே கிளம்பும். ஆனால் தீப்பொறி எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்ற அட்டவணை 2 லிட்டருக்கு எழுதியது. அதைத் திருத்தி எழுதும் செலவைத் திட்டத்தின் முதல் வரியில் போட்டுவிட வேண்டும். கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்பது சரிவராது.

செலவுத் தாளில் எஞ்சின் விலைக்குக் கீழே எழுத வேண்டியவை: கேஸ்கட்கள், மைய போல்ட், ஹோஸ், பெல்ட், ஆயில், கூலன்ட், வாடகைக்கு எடுக்கும் தூக்குக் கிரேன். முறுக்கு 23 சதவீதம் ஏறியதால் தேய்ந்த கிளட்ச் பிளேட் வழுக்கும்; கியர்பாக்ஸ் வெளியே இருக்கும்போதே அதை மாற்றினால் கூலி ஒரே கூலி. சட்டத்தையும் முன்னமே பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் மாற்றி வைக்கும் எஞ்சின் காரின் ஆண்டுக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும்; புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அத்தனையும் இருந்து, அரசு நடுவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். 2012 காரில் 2010 எஞ்சினைப் பொருத்திவிட்டு அங்கே போய் நின்றால் எல்லாம் வீண்.

காயலான் கடையில் எஞ்சினைப் பார்க்கும்போது ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தேன் நிறப் படலம் இருந்தால் நல்லது. பால் கலந்தது போன்ற நுரை இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், விட்டுவிட்டு நகருங்கள். எல்லாம் பொருத்தி முடித்த பிறகும் சாவியைத் திருகும் அவசரம் வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பெட்ரோலையும் நிறுத்திவிட்டு, ஆயில் அழுத்தமானி ஏறும் வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். எத்தனையோ மாதம் உலர்ந்து கிடந்த பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகே பிளக்குகளைத் திரும்பப் போட வேண்டும். இறக்கி வைத்த 2 லிட்டர் எஞ்சினைத் துடைத்து விற்பனைக்குப் போடுங்கள். வேறொரு எம்எக்ஸ்-5இன் எஞ்சின் போய்விட்டது என்று தேடிக்கொண்டிருப்பவர் யாராவது இருப்பார், அந்தப் பணம் கம்ப்யூட்டர் அட்டவணையைத் திருத்தும் செலவுக்கு உதவும்.