கீமேன் நடை

பணி ஓய்வு பெற்றவனுக்கு ஆலோசனை சொல்ல மட்டும் நாட்டில் ஆள் பஞ்சமே இல்லை. "அதிகாலையில் எழுந்திருங்கள், நடங்கள், தியானம் செய்யுங்கள், கவலையை விடுங்கள்" என்று எதிரே வருகிறவர் எல்லாம் சொல்வார்கள். கவலையை எங்கே கொண்டுபோய் விடுவது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நான் எழுத வந்தது ஆலோசனை அல்ல. 36 வருடம் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, நாக்பூரிலேயே தங்கிவிட்ட ஒருவனுக்குச் சிதறிப்போன கவனம் எப்படித் திரும்பி வந்தது என்கிற கணக்கு. நம் சங்கத்தில் ரயில்வேக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் சிலருக்காவது பயன்படலாம்.

1983-ல் டிப்ளமா முடித்த கையோடு பி.டபிள்யூ.ஐ. பயிற்சியில் சேர்ந்தேன். அந்த உத்தியோகத்தின் பெயர் பிற்பாடு செக்‌ஷன் என்ஜினீயர் என்று மாறியது. டெலிபோன் மட்டும் மாறவில்லை. குளிர்கால இரவில் இரும்பு சுருங்கும். நீளமாக வெல்டிங் செய்து பதித்த தண்டவாளத்துக்குச் சுருங்க இடமிருக்காது. இழுபட்டு, பலவீனமான இடத்தில் முறியும். கோடையில் இதற்கு நேர்மாறாக விரிய இடமில்லாமல் பக்கவாட்டில் நெளியும். ஆகவே குளிர்காலத்தில் எங்களுக்கு இரவுத் தூக்கம் போகும். கோடையில் பகல் நிம்மதி போகும். 2019-ல் ஓய்வு பெற்றேன். டெலிபோன் ஓய்ந்தது, காது ஓயவில்லை. இரவு இரண்டு மணிக்கு யாரோ கூப்பிட்டது போல் விழிப்பு வந்துவிடும். அதற்குப்பின் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

பகலில் அதன் பலன் தெரிந்தது. செய்தித்தாளில் இரண்டு பத்தி தாண்டுவதற்குள் கை தானாகக் கைபேசியைத் தேடும். அடுத்த அறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்பேன். நாற்பது வருடம் பழகிய நண்பரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வராது. இதெல்லாம் வயதானால் வருவதுதானே என்று மற்றவர்கள் சிரிக்கலாம். என்னால் முடியவில்லை. என் தகப்பனார் கடைசி நான்கு வருடம் எங்கள் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்து போனவர். அம்மாவைப் பார்த்து "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்பார். நானும் அந்த வண்டியில் ஏறிவிட்டேனோ என்கிற பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கு அது தெரிந்திருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அவள்தான் டாக்டரிடம் கூட்டிப் போனாள். நான் சர்க்கரைக்காக எட்டு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவன், சைவம். இரண்டையும் கேட்டுக்கொண்ட டாக்டர், தியானம், மனோதத்துவம் எதையும் பேசாமல் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. இந்தச் சத்து காய்கறி, தானியங்களில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், மாமிசத்தில்தான் உண்டு. மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு அதை உறிஞ்சிக்கொள்வதும் குறையும். குறைந்தால் மறதி, சோர்வு, கால் மரத்துப்போவது எல்லாம் வரும். ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. இரண்டு மாதத்தில் பாதித் தொல்லை போயிற்று. மனசைச் சரிசெய்ய ஆசிரமம் தேடுகிறவர்கள், அதற்கு முன் ஒருநாள் பரிசோதனைக்கூடத்துக்குப் போய்வருவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மீதிப் பாதிக்குத்தான் கீமேன் வந்தார்.

ரயில்வேக்காரர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே சாபிவாலா என்று அழைக்கப்படும் கீமேன், தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் தண்டவாளத்தை நடந்தே பார்க்க வேண்டியவர். தோளில் சுத்தியல், ஸ்பேனர், கொடிகள், ஆபத்துக்கு வெடிக்கும் சிக்னல் பட்டாசு. போகும்போது ஒரு தண்டவாளத்தை ஒட்டிப் போவார். திரும்பும்போது மற்றதை ஒட்டி வருவார். கழன்ற பிடிகளை அங்கேயே தட்டி இறுக்குவார். நேற்றுப் பார்த்தோமே என்று இன்றைக்கு விடமாட்டார். உற்சாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடை உண்டு. என்னிடம் வேலை பார்த்த ஒரு கீமேன், கூடவே பேசிக்கொண்டு வந்தால் "சாஹேப், கொஞ்சம் பேசாமல் வாருங்கள், கண் மூடிக்கொள்கிறது" என்பார். பேச்சில் கண் மூடிக்கொள்கிறது என்ற அந்த மனிதர் பள்ளிக்கூடம் அதிகம் போனவரல்ல.

அவரை நினைத்துத்தான் என் நடையை அமைத்துக்கொண்டேன். நேரம் மாறாது: மார்ச் முதல் ஜூன் வரை ஐந்தேகால் மணி, குளிர்காலத்தில் ஆறரை. (மே மாதம் 45 டிகிரி காயும் ஊரில் ஏழு மணிக்குமேல் நடப்பது வீரமல்ல.) அம்பாஜரி ஏரிப்பக்கம் போக முக்கால் மணி நேரம். கைபேசி வீட்டில். போகும்போது சாலையின் ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். எந்த வேப்பமரம் துளிர்த்திருக்கிறது, எந்த வீட்டுத் திண்ணையில் தாத்தா இன்று உட்காரவில்லை என்று பார்த்துக்கொண்டே போவேன். ஆரோக்கிய அளவில் உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அது தானாகவே நிறைந்துவிடுகிறது.

தூக்கத்துக்கு டாக்டர் சொன்னதும் இதே வகைதான். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழுந்திருக்கும் நேரம் மாறக்கூடாது. மத்தியானம் அரை மணிக்குமேல் கண்ணயரக்கூடாது. தூக்கம் வராவிட்டால் கட்டிலில் புரளாமல் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகுமாம். ஆகவே மூன்று மணிக்குப்பின் காபி இல்லை. ஊரிலிருந்து வருகிறவர் பையில் வரும் காபிப்பொடியை வைத்துக்கொண்டு இதைக் கடைப்பிடிப்பது எத்தனை கடினம் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு பழக்கம் லோகோ பைலட்டுகளிடமிருந்து எடுத்தது. ஓடும் வண்டியில் லோகோ பைலட்டும் உதவியாளரும் எதிரே வரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஜப்பான் ரயில்வேயில் ஒருபடி மேலே போய், கையை நீட்டிச் சுட்டிக்காட்டியும் சொல்வார்கள். கண் பார்த்ததை வாயும் சொல்லிக் காதும் கேட்டால் மனசு வேறெங்கும் ஓட முடியாது. இப்போது கதவைப் பூட்டும்போது "பூட்டியாச்சு", அடுப்பை அணைத்தால் "கேஸ் மூடியாச்சு", மாத்திரை போட்டால் "காலை மாத்திரை ஆச்சு" என்று உரக்கச் சொல்கிறேன். பூட்டினோமா என்று மாடிப்படியில் பாதியில் திரும்புவது நின்றது. பேரன் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம், "தாத்தா, மாத்திரை? பச்சை!" என்று கத்துகிறான்.

தியானமே வேண்டாம் என்பவனல்ல நான். நம் மாநிலத்திலேயே இகத்புரியில் கோயங்கா அவர்களின் விபசனா மையம் 1976 முதல் நடக்கிறது. மும்பைப் பக்கத்திலிருந்து வருகிற வண்டிகளைப் பின்னாலிருந்து எஞ்சின்கள் தள்ளி, 37-க்கு 1 என்ற செங்குத்தான மலைப்பாதையில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கும் அதே இகத்புரிதான். அங்கே பத்து நாள் மௌனம். போகலாமா என்று கேட்டபோது மனைவி, "பத்து நாள் பேசாம இருக்கறதை முதல்ல இங்கேயே செஞ்சு காட்டுங்கோ" என்றாள். இன்னும் போகவில்லை.

அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-ல் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியில் ஒரு பாடம், ஓர் உலர்ந்த திராட்சையை நிதானமாகப் பார்த்து, முகர்ந்து, மென்று தின்பது. படித்தபோது என் பாட்டி ஞாபகம் வந்தது. இலையில் உட்கார்ந்தபின் பேசினால் தலையில் குட்டுவாள். எங்கள் வீட்டில் இப்போது சாப்பாட்டு நேரத்தில் டி.வி. கிடையாது. இரவுச் சாதத்துக்குப் பதில் அடுத்த வீட்டுக் காகூ சொல்லிக்கொடுத்த ஜ்வாரி பாக்ரி. நம் கொள்ளுப்பாட்டிமார் களியாகவும் சோறாகவும் கிண்டிய அதே சோளத்தை இவர்கள் தட்டிச் சுடுகிறார்கள், அவ்வளவுதான். மெல்ல நேரமாகிறது, ஆகவே அளவும் குறைகிறது. ஊறுகாய்ப் பாட்டில் மேஜையிலிருந்து அலமாரிக்குப் போனதில் எனக்கு வருத்தமே.

கடைசியாக ஒன்று. சமநிலை என்று பெரிய வார்த்தையாகப் பேசுகிறோம். ஒற்றைக் காலில் எத்தனை விநாடி நிற்க முடிகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? 65 வயதுக்குமேல் வாரத்தில் மூன்று நாளாவது இதற்கும் உடல் வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, கீழே விழாமல் இருப்பதற்காக. போன வருடம் நம் சங்கத்து மாமி ஒருவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது முதல் நானும் மனைவியும், பிடித்துக்கொள்ள அருகில் சமையலறை மேடை இருக்கும்படி, தினமும் காலையில் நிற்கிறோம். இளவயதில் தண்டவாளத்தின் மேல் கொடி பிடித்தபடி நடந்தவன் முதல் நாள் நான்கு விநாடியில் ஆடிப்போனேன். இப்போது வலது காலில் 20 விநாடி. இடது காலில் இன்னும் 12-தான். மனைவி இரண்டிலும் 30.