கண்டதைக் காட்டும் கலை

நுண்ணோக்கியின் வழியே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே காண இயலும். தாம் கண்ட செல்லையே மாணவரும் காண்கிறாரா என்பதை அறிய, உடற்கூறியல் ஆசிரியருக்கு நெடுங்காலம் எளிய வழி இருந்ததில்லை. கண்டறிதல் ஒரு திறன் எனில், கண்டதைப் பிறருக்குக் காட்டுதல் மற்றொரு திறன்.

பெர்லினில் ஒரு நுண்ணோக்கி

ஸ்பெயின் நாட்டில் 1852ஆம் ஆண்டு பிறந்தவர் சான்டியாகோ ரமோன் இ கஹால். வாலென்சியாவில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த இவர், 1887இல் பார்சிலோனாவில் திசுவியல் பேராசிரியரானார். நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்த வலை என்றே அக்கால அறிஞர் பலர் நம்பினர். ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்து நிற்பது என்று 1888இல் கஹால் எழுதினார். அவர் எழுத்தைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே.

ஆகவே, 1889இல் தம் கைப்பொருளைச் செலவிட்டு, திசுச் சீவல்கள் பதித்த கண்ணாடித் தகடுகளுடன் பெர்லினில் கூடிய உடற்கூறியல் மாநாட்டிற்குச் சென்றார். புகழ்பெற்ற அறிஞர் கோலிக்கரை அழைத்துத் தம் நுண்ணோக்கியில் காணச் செய்தார். கண்ணால் கண்ட கோலிக்கர் ஐயம் நீங்கினார். கஹாலின் ஆய்வைப் பிறர்க்கும் எடுத்துரைத்தார். 1906இல் கோல்கியுடன் இணைந்து கஹால் நோபல் பரிசு பெற்றார்.

தகடு திரைக்கு வந்த விதம்

கஹால் சுமந்து சென்ற தகடுகள் போன்றவற்றை இன்று இருந்த இடத்திலிருந்தே உலகிற்குக் காட்டலாம். இதற்கு உதவுவது மெய்நிகர் நுண்ணோக்கி. வருடி என்னும் கருவி, சாயமேற்றிய திசுச் சீவலைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து ஒன்றாக இணைக்கிறது. 40 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸைப் பயன்படுத்தினால், ஏறத்தாழ 0.25 மைக்ரோமீட்டர் அகலமுள்ள பகுதி ஒரு படப்புள்ளியாக அமையும். 15 மில்லிமீட்டர் நீளமும் அகலமும் உடைய திசு, 360 கோடிப் படப்புள்ளிகளாக விரியும்.

இத்துணைப் பெரிய படம் திரைக்கு எங்ஙனம் விரைந்து வருகிறது? படம் பல உருப்பெருக்க நிலைகளில், சிறு சிறு கட்டங்களாகச் சேமிக்கப்படுகிறது. பார்க்கும் பகுதிக்குரிய கட்டங்கள் மட்டுமே கணினிக்கு வருகின்றன. கைப்பேசியில் நிலவரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் இம்முறையிலேயே நிகழ்கிறது. பேராசிரியர் சுட்டும் உட்கருவை வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் காண்கிறது. தகடு உடைவதில்லை, சாயம் மங்குவதில்லை. விடுதியிலிருந்தும் மாணவர் மீண்டும் பார்க்கலாம்.

எஞ்சி நிற்கும் பயிற்சி

ஆயினும், இதற்கும் ஓர் எல்லை உண்டு. பொதுவாக வருடி ஒரே ஆழத்தில் குவியப்படுத்திப் படமெடுக்கிறது. கஹால் ஆய்ந்த சீவல்களோ தடித்தவை. நுண்ணோக்கியின் திருகை மேலும் கீழும் மெல்லத் திருப்பியே நரம்பின் கிளைகள் செல்லும் வழியை அவர் பின்தொடர்ந்தார். கண்டதைத் தம் கையால் வரைந்தார். பல ஆழங்களில் படமெடுக்கும் வருடிகள் இன்று உள்ளன எனினும், அவற்றிற்குக் காலமும் சேமிப்பிடமும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன.

கருவி, காட்சியை எல்லோர்க்கும் பொதுவாக்குகிறது. இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த பரப்பில் எது செல், எது இழை எனப் பிரித்தறியும் கண்ணைப் பயிற்சியே தருகிறது. அப்பயிற்சியை அளிப்பது அன்றும் இன்றும் ஆசிரியரின் பணியாகும்.