வலை வழங்கித் தரவுச் சுருக்கம்

வலை வழங்கித் தரவுச் சுருக்கம் என்பது இணையப் பக்கங்களை வலை வழங்கி சுருக்கி அனுப்ப, பயனரின் உலாவி அவற்றை மீண்டும் விரித்துக் காட்டும் முறை ஆகும். இதில் பக்கத்தின் ஓர் எழுத்தும் இழக்கப்படுவதில்லை. இணையத்தளத்தின் வேகத்தைக் கூட்டும் எளிய வழிகளுள் இதுவும் ஒன்று. ஒருங்குறியில் அமைந்த தமிழ்ப் பக்கங்களுக்கு இதனால் விளையும் பயன் பெரிது.

செயல்படும் முறை

உலாவி ஒரு பக்கத்தைக் கோரும்போது, தன்னால் விரிக்கக்கூடிய சுருக்க முறைகளையும் வழங்கிக்குத் தெரிவிக்கின்றது. வழங்கி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பக்கத்தைச் சுருக்கி, எம்முறை பயன்பட்டது என்னும் குறிப்புடன் அனுப்புகின்றது. உலாவி எம்முறையையும் குறிப்பிடாவிடில் பக்கம் பொதுவாகச் சுருக்கப்படாமலே செல்லும்.

பரவலாகப் பயன்படும் ஜிசிப் முறை 1992 ஆம் ஆண்டில் வெளிவந்தது. முன்பே வந்த பைட்டுத் தொடர் மீண்டும் வருமிடத்தில், அதனை முழுமையாக எழுதாமல், எவ்வளவு பின்னே சென்று எத்தனை பைட்டுகளை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் இது குறித்துக்கொள்கின்றது. பின்னர், அடிக்கடி வருவனவற்றுக்குக் குறுகிய குறியீடுகளும் அரிதாக வருவனவற்றுக்கு நீண்ட குறியீடுகளும் தரப்படுகின்றன. கூகுள் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் அறிவித்த புரோட்லி முறை, உரைக் கோப்புகளைப் பெரும்பாலும் ஜிசிப்பைவிடச் சிறிதாக்குகின்றது.

தமிழ்ப் பக்கங்கள்

யு.டி.எஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட்டும், தமிழ்க் குறியுரு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளும் கொள்ளும். எடுத்துக்காட்டாக, விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையிலுள்ள ஓர் ஊரின் பெயரான "முண்டியம்பாக்கம்" என்பதில் 9 எழுத்துகள் உள்ளன. புள்ளிகளும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அவை 16 குறியுருக்களாகி, 48 பைட்டுகளை எடுத்துக்கொள்கின்றன. இதனால் தமிழுக்கு ஒருங்குறி வீண்செலவு எனத் தோன்றலாம்.

ஆயினும் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவின் முதல் பைட்டும் 224 என்னும் ஒரே எண்ணாகும். இரண்டாவது பைட்டு 174 அல்லது 175 மட்டுமே. மூன்றாவது பைட்டே பெரிதும் வேறுபடுகின்றது. இவ்வாறு திரும்பத் திரும்ப வருவனவற்றைச் சுருக்க முறை எளிதில் ஒடுக்கிவிடுவதால், கூடுதல் சுமையின் பெரும்பகுதி நீங்குகின்றது.

140 கிலோபைட் அளவுள்ள ஒரு பக்கம், நொடிக்கு 56 கிலோபிட் வேகமுள்ள இணைப்பில் வந்து சேர 20 நொடிகள் ஆகும். அது நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினால் 5 நொடிகள் போதும். மெதுவான செல்பேசி இணைப்பில் படிப்போருக்கும், பயன்படுத்தும் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்துவோருக்கும் இது முதன்மையானது.

இயக்குதல்

அப்பாச்சி வழங்கியில் மாட்-டிஃப்ளேட் என்னும் கூறின் மூலம் இவ்வசதியை இயக்கலாம். எஞ்சின்-எக்ஸ் வழங்கியில் ஜிசிப் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். அதனை இயக்கினாலும் எச்.டி.எம்.எல். பக்கங்கள் மட்டுமே சுருக்கப்படும்; பாணித்தாள், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய கோப்பு வகைகளை அமைப்புக் கோப்பில் தனியே சேர்க்க வேண்டும்.

வரம்புகள்

ஜேபெக் படங்கள், எம்பி3 ஒலிக்கோப்புகள் முதலியன முன்பே சுருக்கப்பட்டவை. அவற்றை மீண்டும் சுருக்குவது வழங்கியின் உழைப்பை வீணாக்கும். ஜிசிப் தன் தலைப்புக்கும் முடிவுக்கும் குறைந்தது 18 பைட்டுகள் சேர்ப்பதால், மிகச் சிறிய கோப்புகள் பெரிதாகவும் கூடும். மறையீடு செய்த பக்கங்களில் இரகசியக் குறியும் பயனர் உள்ளிட்ட உரையும் சேர்ந்து சுருக்கப்பட்டால், அளவு மாற்றத்தைக் கொண்டே அக்குறியை ஊகிக்க இயலும் என்பதை 2013 ஆம் ஆண்டில் வெளியான பிரீச் தாக்குதல் காட்டியது. எனவே அத்தகைய பக்கங்களில் இதனைக் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும்.